சேலத்து மண்ணில் மெட்டல் டிடெக்டர்: எங்கே, எப்படி ஆரம்பிப்பது?

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டுக்காரர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்து வயலில் பழைய காசு எடுக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. மாமாவுக்குத் தோட்டம் இருக்கிறது. ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவருக்குக் காபி எஸ்டேட் இருக்கிறது. என்ன மெஷின் வாங்கலாம், எங்கே போகலாம், கிடைத்ததை நாமே வைத்துக்கொள்ளலாமா?"

தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் நம் ஊரில் எந்த மெஷின் என்பதைவிட எந்த இடம் என்பதுதான் முக்கியம். சட்டமும் இடத்தைப் பொறுத்தது, சிக்னலும் இடத்தைப் பொறுத்தது. அதனால் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பானை நிறையத் தங்கம் இருந்தால்தான் புதையல் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கும்போது கொண்டுவருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு சின்ன வெள்ளிக் காசே அதைத் தாண்டிவிடும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. மாமாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேர்மையாகச் சொன்னவருக்கு அதே சட்டம் பங்கும் வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களை விசாரிப்பார். புதைத்தவர் யாரும் இல்லை, அதற்கு உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி ஒரு பங்கு. இருவருக்கும் முன்பே ஒப்பந்தம் இருந்தால் அதன்படி பிரியும். அரசு அந்தப் பொருளை எடுத்துக்கொள்ள நினைத்தால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆகவே மாமாவோடு ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்தத்துக்குள் எதற்கு என்று தோன்றும். சொந்தத்துக்குள்தான் இந்த மாதிரி விஷயத்தில் மனஸ்தாபம் வரும்.

இன்னொன்று 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் சிலையும் தொல்பொருள் என்ற கணக்கில் வரும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. எடுத்து விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் ஓரமாக இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்து, எங்கே போகக் கூடாது என்பது. மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் பாதுகாப்பில் உள்ள இடங்கள், கோயில் நிலங்கள், காப்புக்காடு, ஏரி, ஆற்றுப் படுகை, புறம்போக்கு எதிலும் மெஷினோடு இறங்கக் கூடாது. மேட்டூர் அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். 1934இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிப்போன ஊர்களின் மிச்சம் அது. அந்தப் படத்தைப் பார்த்ததும் இந்த ஹாபி உள்ள எவருக்கும் கை பரபரக்கும். போய்ப் பாருங்கள், படம் எடுங்கள், மெஷினை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கல்வட்டங்களைப் பற்றி, அதாவது பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்த பழங்காலப் புதைகுழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் முதலில் சொல்லித் தருவது, "இரும்பை மியூட் செய்துவிடு, அது குப்பை" என்பதுதான். சேலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1600ஐ ஒட்டியது என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறையின் இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் குறித்திருக்கிறார்கள். அதை எப்படிக் கணித்தார்கள் என்று பாருங்கள். அகழாய்வுக் குழியில் எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்த கரித்துண்டிலிருந்து கணித்தார்கள். அந்தக் குழியில் ஒருவர் டிடெக்டர் வைத்துத் துருப்பிடித்த துண்டை மட்டும் பிடுங்கி எடுத்திருந்தால், அது வெறும் துரு. நாலாயிரம் வருடக் கதை அத்தோடு போயிருக்கும். பொருளைவிட அது கிடந்த இடம்தான் பெரிது. ஆகவே வயலோரம் பெரிய கற்கள் வட்டமாக நட்டிருப்பதையோ, தடித்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் குவியலாகக் கிடப்பதையோ பார்த்தால், அது மாமாவின் பட்டா நிலமாகவே இருந்தாலும் தோண்டாதீர்கள். படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் மூலமாகவோ சேலம் அரசு அருங்காட்சியகத்தின் மூலமாகவோ தெரிவியுங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். வீடியோவில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவின் சாதுவான மண். நம் மண் அப்படி இல்லை. கஞ்சமலையே மேக்னடைட் இரும்புத்தாது கலந்த மலை. ஓடைகளில் ஒதுங்கும் கருமணலை அள்ளி உலையில் போட்டு இரும்பு எடுத்த ஊர் இது. 1830களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது தாது போனது சேலத்திலிருந்துதான். ஏற்காடு மலையில் பாக்சைட்டும் செம்புரைக்கல்லும். இந்த மண்ணில் காயிலை, அதாவது மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை வைத்தால் மண்ணே மெஷினோடு பேச ஆரம்பித்துவிடும். உலோகமே இல்லாத இடத்தில் கிர்ரென்று சத்தம் வரும், நல்ல காசு ஒன்று மண்ணின் இரைச்சலில் மறைந்துபோகும்.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பாலித்தீன் கவரில் போட்டு, காய்ந்த மண்ணில் பத்தடி இழுத்துப் பாருங்கள். கவரின் அடியில் கறுப்புப் பொடி மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். கொஞ்சமாக ஒட்டினால் சாதாரண மெஷினே சமாளிக்கும். திட்டுத் திட்டாக ஒட்டினால், மண்ணுக்கு ஏற்றபடி கிரவுண்ட் பேலன்ஸ் செய்யும் வசதி இல்லாத மெஷின் அங்கே உதவாது.

கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது சுலபம். உலோகம் இல்லாத ஓரிடத்தில் காயிலை மண்ணுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, மண்ணைத் தொடும் அளவுக்கு இறக்கி, மறுபடி தூக்க வேண்டும். சத்தம் அடங்கும்வரை மெஷின் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மேட்டுக்காட்டிலிருந்து வாய்க்கால் ஓரத்துக்கு இறங்கினால் மறுபடி செய்யுங்கள். அப்புறம் சென்சிடிவிட்டி, அதாவது மெஷின் எவ்வளவு நுணுக்கமாகக் கேட்க வேண்டும் என்ற அளவு. அதை முழுசாக ஏற்றி வைத்தால்தான் ஆழம் போகும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நம் மண்ணில் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். இரண்டு படி குறைத்து வைத்தால் காசு தெளிவாகக் கேட்கும். பம்ப்செட் மோட்டார் ஓடும்போதும் கரண்ட் கம்பிக்கு அடியிலும் மெஷின் தானாகப் புலம்பும். அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, தள்ளிப் போக வேண்டியதுதான்.

இரும்பு உருக்கிய இடங்களின் அருகே சிட்டம், அதாவது உருக்கியபின் மிஞ்சிய கசடு கிடக்கும். கறுத்து, குமிழ் குமிழாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். இது நல்ல சிக்னல் கொடுத்து ஏமாற்றும். நிறையச் சிட்டம் கிடக்கிறது என்றால் அது பழைய உலை இருந்த இடமாக இருக்கலாம். அங்கேயும் கையை வைக்காதீர்கள், குறித்து வைத்துத் தெரிவியுங்கள்.

மெஷின் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: கிரவுண்ட் பேலன்ஸ் வசதி, டபுள் டி வகைக் காயில் (உள்ளே இரண்டு D வடிவச் சுருள் இருக்கும்), ஹெட்போன் போடும் வசதி. கேரெட் (Garrett), மைன்லேப், நோக்டா மூன்றுமே இந்த ஹாபியில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள். ஒற்றை அதிர்வெண்ணில் வேலை செய்யும் வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) மெஷின் பழகுவதற்குப் போதும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் வேலை செய்யும் மெஷின் நம் மண்ணில் நிதானமாக நிற்கும், விலையும் கூடும். பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற, மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் மெஷின் தாது மண்ணில் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது இரும்பையும் மற்றதையும் பெரிதாகப் பிரித்துச் சொல்லாது. நம் தோட்டத்தில் லாடம், கொழு, ஆணி, வண்டிப் பட்டைத் துண்டு என்று எல்லாம் கிடக்கும். நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டே இருப்பீர்கள். பில்லும் வாரண்டியும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நூறு அடி தூரத்திலிருந்து தங்கத்தை மட்டும் காட்டும்", "பத்து மீட்டர் ஆழம் போகும்" என்று லட்சக் கணக்கில் விலை சொல்லிக் கம்பி நீட்டிய கருவிகளை விற்பார்கள். அவை வேலை செய்யாது. காரணம் எளிது. காயில் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது, உலோகத்தில் ஒரு மின்சுழல் உண்டாகி, அதன் எதிரொலி திரும்பி வருகிறது. போகும்போதும் வலு குறைகிறது, வரும்போதும் குறைகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சிக்னல் சுமார் 64இல் ஒரு பங்குதான். ஆகவே நல்ல மெஷினுக்கும் ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்தில் கேட்டால் பெரிய விஷயம். தங்கத்தை மட்டும் காட்டும் மெஷினும் கிடையாது. பொருளின் அளவும் மின்கடத்தும் தன்மையும்தான் மெஷினுக்குத் தெரியும். மெல்லிய தங்கத் தோடும் மாத்திரை அட்டைத் துண்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று ஏமாற்றும் கூட்டமும் இந்தக் கருவிகளோடுதான் ஊர் ஊராகச் சுற்றுகிறது. கைப்பணத்தைப் பறிகொடுத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மெஷின் வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். வீட்டுக் கொல்லையில் ஒரு பயிற்சிப் பாத்தி போடுங்கள். ஒரு செம்புக் காசு, ஒரு வெள்ளி மெட்டி, ஓர் அலுமினியப் பத்து பைசா, ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, ஒரு மாத்திரை அட்டை. ஒவ்வொன்றையும் ஓரடி தள்ளித் தள்ளி, வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, எது எங்கே என்று எழுதி வையுங்கள். காயிலை மண்ணை ஒட்டி, மட்டமாக, மெதுவாக வீசிப் பழகுங்கள். ஒரு வீச்சின் பாதி அடுத்த வீச்சில் விழ வேண்டும். என்ன உலோகமாக இருக்கலாம் என்று மெஷினின் திரையில் வரும் எண்ணை (நம்பரை) அப்புறம் பார்க்கலாம், காது முதலில் பழகட்டும். இன்றைய ஒரு ரூபாய்க் காசையும் ஒன்று புதையுங்கள். அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. இரும்பை ஒதுக்கும்படி வைத்திருந்தால் மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும், அல்லது எண் நிலையில்லாமல் துள்ளும்.

மாமாவின் தோட்டத்தில் இறங்க நல்ல சமயம் அறுவடைக்குப் பிறகு, அடுத்த உழவுக்கு முன்னால். மரவள்ளி பிடுங்கிய காடு என்றால் இன்னும் நல்லது, மண் பொலபொலவென்று கிளறிக் கிடக்கும். ஒரு மழை பெய்து ஈரம் இறங்கியபின் சிக்னல் தெளிவாக வரும். சித்திரை வெயிலில் இறுகிப்போன செம்மண்ணில் தோண்டவே முடியாது. சொட்டுநீர்ப் பைப் எங்கெங்கே ஓடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பைப்பை வெட்டினீர்கள் என்றால் அத்தோடு அனுமதி முடிந்தது.

எங்கே தேடுவது? பழைய களத்து மேடு, கிணற்றடி, பெரிய புளியமரத்து நிழல், வண்டிப்பாதையின் ஓரம், இடிந்த வீட்டின் வாசல். மனிதர்கள் உட்கார்ந்து, குனிந்து, மடியை அவிழ்த்த இடங்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் நெளிநெளி விளிம்புள்ள பத்து பைசா, நயா பைசா, மாட்டு மணி, பித்தளைப் பூட்டு. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா. கம்பெனி காலத்துச் செப்புக் காசும் வரலாம். சேலம் 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது, அதனால் திப்பு காலத்து யானைக் காசுக்கும் வாய்ப்பு உண்டு. நூறு வருடக் கணக்கைத் தாண்டிய காசு வந்தால் மேலே சொன்ன சட்டம் ஞாபகம் இருக்கட்டும்.

வீடியோவில் புல்லோடு சேர்த்து மண்ணைத் தட்டு மாதிரி வெட்டித் திறந்து மூடுவார்கள். அது புல்தரைக்கு. நம் செம்மண் உதிரும். ஒரு சாக்கை விரித்து, எடுக்கிற மண்ணை எல்லாம் அதில் போடுங்கள். பொருள் கிடைத்ததும் சாக்கைத் தூக்கி அப்படியே குழியில் கவிழ்த்து மிதித்துவிடுங்கள். களைக்கொத்து ஒன்றும், குழிக்குள் பொருள் எங்கே என்று காட்டும் கையடக்கப் பின்பாயிண்டர் ஒன்றும் போதும். கடப்பாரை வேண்டாம். கடப்பாரையோடு ஒருவரைப் பார்த்தால் ஊரில் வேறு மாதிரிதான் பேசுவார்கள். இருட்டில் ஒருபோதும் போகாதீர்கள். புதையலுக்கு ராத்திரியில் பூஜை போடுகிறவர்கள் பற்றி ஊரில் ஏற்கெனவே பயம் இருக்கிறது. பகலில் போய், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, சிறுவர்கள் வந்து நின்றால் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துக் கேட்கவிடுங்கள். சந்தேகம் போய்விடும்.

இந்த ஹாபியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பிறர் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. காட்டு வேலையில் கொலுசு, மெட்டி, தோடு விழாத வீடு இருக்காது. கடலைக்காய் பிடுங்கும்போது ஓர் அக்காவின் ஒற்றைத் தோடு விழுந்துவிட்டது. அவர் வேலை செய்த நிரையைக் கேட்டு, நாலு குச்சி நட்டு, கயிறு கட்டிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத் தேடினோம். மாத்திரை அட்டை வரும் அதே தாழ்ந்த சத்தத்தை ஒன்று விடாமல் தோண்டினோம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உதிர்த்தபோது முதலில் திருகாணி தெரிந்தது, அப்புறம் மங்கலாக ஒரு சிவப்புக் கல். அந்த அக்கா அதை வாங்கி முந்தானையில் துடைத்து அங்கேயே காதில் போட்டுக்கொண்டார். மெல்லிய தங்கச் சங்கிலி இதைவிடக் கடினம். மெஷினுக்கு ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையமாகத்தான் தெரியும். பதக்கம் அல்லது கொக்கி இருந்தால் அதுதான் கேட்கும். யாருடையது என்று தெரியாத நகை கிடைத்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். பிறர் தொலைத்ததை நாமே வைத்துக்கொள்வது குற்றம்.

ஏற்காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த மலை, ஆர்வம் வருவது நியாயம். எஸ்டேட் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அங்கே எஸ்டேட்டும் காப்புக்காடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எல்லைக் கல் எங்கே என்று மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். காபிச் செடியின் வேர் மேலாகவே படரும், செடிக்கு அடியில் தோண்டக் கூடாது. காபி காயவைக்கும் களம், பழைய பங்களா முற்றம், தொழிலாளர்களின் லைன் வீடுகளின் முன்புறம், இவை போதும். மலைக் கிராமங்களின் சாமி இடங்கள் பக்கம் போகவே வேண்டாம். காட்டெருமை நடமாட்டம் உண்டு. அதனால் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பூஜைப் பாத்திரத்துக்குச் செய்கிற அந்த வேலை காசைக் கெடுத்துவிடும். பச்சையாகப் படிந்திருக்கும் மேல்படலம் போனால் எழுத்தும் சேர்ந்து போகும், மதிப்பும் போகும். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுங்கள். தேதி, இடம், ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அதே கவரில் போட்டு வையுங்கள்.

மெஷின் வாங்குவதற்கு முன்னால் காந்தத்தை எடுத்துக்கொண்டு மாமாவின் தோட்டத்தில் நாலைந்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். மேட்டில் எவ்வளவு ஒட்டியது, கிணற்றடியில் எவ்வளவு ஒட்டியது என்று எழுதி அனுப்பினால், உங்கள் மண்ணுக்கு எந்த வகை மெஷின் ஒத்துவரும் என்று சொல்கிறேன்.